லெஃப்டின் இடது முட்டி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னை என்ன விசாரிப்பது? காலையில்தான் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாய். படி இறங்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு இடது காலை முதலில் இறக்கினாய், அப்புறம் வலது காலை. நான் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ் நிற்கிற முனை வரைக்கும் தெரு பார்க்குமே என்று நேராக நடந்தாய். பஸ் ஏறும்போது மட்டும் கம்பியில் தொங்கி ஏறினாய். ஆகவே நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். நான் நலமா என்று நீயும் கேட்க வேண்டாம்.

வாயால் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்பாய். வாயால் சொல்லும்போது நான் திட்ட ஆரம்பித்துவிடுகிறேன். நான் திட்டினால் நீ சிரிக்கிறாய். நீ சிரித்தால் எனக்கும் பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிடுகிறது, சோற்றைப் போட்டுவிடுகிறேன், பேச்சு அங்கேயே செத்துவிடுகிறது. பேப்பர் சிரிக்காது. உன் பெண் தூங்குகிறாள், மருமகள் பவானி வேலைக்குப் போய்விட்டாள், உன் அப்பா லாரி யார்டில் கேட்டுக்குக் காவல் இருக்கிறார். குறுக்கே பேச ஆள் இல்லாத நேரம் எனக்குக் கிடைப்பதே அபூர்வம். சொல்ல வந்தது ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஃபைனலில் நீ ஆடக்கூடாது. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் ஒரு வரிக்கு நீ என்றைக்கு அடங்கியிருக்கிறாய்?

பிறந்ததிலிருந்தே உனக்கு எல்லாம் இடது. சோற்றில் இடது கையை வைப்பாய், நான் கரண்டிக் காம்பால் தட்டுவேன். கோயிலில் பூசாரி திருநீறு கொடுக்கும்போது இடது கையை நீட்டினாய், அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார், எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் உன் இடது கையைத் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிவைத்தேன். அழுதுகொண்டே வலது கையால் தின்னப் பழகினாய். காலை யார் கவனித்தார்கள்? பிள்ளை எந்தக் காலால் உதைக்கிறான் என்று எந்தத் தாய் பார்க்கிறாள்? "கைய கட்டி வெச்சியே மே, அதான் எல்லாம் கீழ எறங்கி கால்ல பூந்துகினு கீது" என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்வார். இந்த வட்டாரம் முழுக்க உன்னை லெஃப்டு என்று கூப்பிடுகிறது. நான் ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

நீ ஆடக் கற்ற காலத்தில் பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றி விதைத்த நிலத்தைவிடக் கல் நட்ட நிலம்தான் அதிகம். ரியல் எஸ்டேட்காரர்கள் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வரிசையாக நட்டு, கலர் கொடி கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாங்கியவன் சென்னையில் இருப்பான், வருஷக்கணக்கில் வீடு கட்ட வரமாட்டான். உங்களுக்கு அதுதான் கிரவுண்டு. அந்த லேஅவுட்டுக்கு வாட்ச்மேன் யார் என்று பார்த்தால் உன் அப்பா. பையன்களை உள்ளே விடக்கூடாது என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. விசில் ஊதிக்கொண்டு ஓடுவார், மற்றவன் பிள்ளையை எல்லாம் விரட்டுவார், நீ பந்தோடு வந்தால் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். மற்ற பையன்கள் கல்லில் இடித்துக்கொண்டு ரத்தத்தோடு வீட்டுக்குப் போவார்கள். நீ மட்டும் பந்தைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டு இந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் எடுப்பாய். பின்னால் மாவட்டத் தேர்வுக்குப் போன இடத்தில் கோச்சு, "யாருப்பா இத்த கத்துக் குடுத்தது?" என்று கேட்டதற்கு, "பிளாட்டு கல்லு சார்" என்றாயாமே. அதை உன் அப்பா யார்டில் டிரைவர்களிடம் சொல்லாத நாள் கிடையாது.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். ஆனால் வாசலில் நின்று பார்த்தவளுக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. சென்னையில் ஒரு கிளப்பில் எடுத்தார்கள் என்றதும் தெருவே வந்து வழியனுப்பியது. எனக்கு என்ன புரிந்தது? பந்து ஆட ஒரு மனுஷனைத் தங்கவைத்துச் சோறு போடுவார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மழையில் நீங்கள் தங்கியிருந்த இடத்துக்குள் தண்ணீர் வந்தது. நனைந்த ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். கிரவுண்டெல்லாம் சேறு, டீம் கலைந்துவிட்டது, காய்ந்ததும் கூப்பிடுவார்கள் என்றாய். அதுவரைக்கும் சும்மா ஏன் இருக்க வேண்டும் என்று கம்பெனி வேலையில் சேர்ந்தாய். "ரெண்டு மாசந்தாம்மா" என்றாய். எனக்கு அப்போது உள்ளுக்குள் சந்தோஷம்தான், பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான் என்று. கிளப்பு உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் விட்டிருப்பேனா என்பதும் சந்தேகம்.

கம்பெனிகளுக்குள் மேட்ச் வைப்பார்கள் என்பது நீ சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. முதல் வருஷம் கப்பு வாங்கிக் கொடுத்தாய். காண்ட்ராக்ட் ஆள் பிடித்துவிடுகிற ஏஜென்சிக் கணக்கு முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடனே பக்கத்துக் கம்பெனி வேறு ஏஜென்சி மூலமாக உன்னை எடுத்துக்கொண்டது, அங்கேயும் கப்பு. இப்படி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் நீ ஆடாத கம்பெனி எத்தனை இருக்கும்? நீ வாங்கிக் கொடுத்த கப்பெல்லாம் அவரவர் ரிசப்ஷனில் கண்ணாடிக்குள் இருக்கிறது. உன் கழுத்தில் தொங்குகிற அடையாள டேக்குக்கு மட்டும் எங்கே போனாலும் அதே காண்ட்ராக்ட் நீலக் கயிறு. பெர்மனென்ட் ஆட்களுக்குச் சிவப்புக் கயிறு. உனக்குப் பின்னால் வந்து உன்னிடம் வேலை பழகியவன் சிவப்புக் கயிறோடு போகிறான், கேட்டில் செக்யூரிட்டி அவனை விட்டுவிட்டு உனக்கு சல்யூட் அடிக்கிறான். சல்யூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உன் அப்பாவுக்கு அதுவே போதும். சேரப்பணஞ்சேரியில் ஒரு சலூனில் உன் போட்டோவை மாட்டியிருக்கிறார்கள் என்று, நம் தெருவிலேயே சலூன் இருக்க, பஸ் ஏறிப் போய் அங்கே முடி வெட்டிக்கொண்டு வருகிற மனுஷர் அவர்.

முட்டி போனது போன சீசன் செமி ஃபைனலில். நீ விழுந்தாய், எழுந்தாய், யாரோ கொடுத்த துணியை முட்டியில் இறுக்கிக் கட்டிக்கொண்டாய், ஃப்ரீகிக் அடித்தாய், கோல். அன்றைக்கு எடுத்த போட்டோதான் நான் வேலை பார்த்த கேண்டீன் வாசலில் நோட்டீஸ் போர்டில் இருந்தது, நீ அப்போது அந்தக் கம்பெனிக்கு ஆடினாய் என்பதால். சோற்றுக்கு வரிசையில் நிற்கும் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். தெற்கேயிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள். ஒரு நாள் என் எதிரிலேயே ஒருவன் ஆரம்பித்தான்: "இந்தண்ணனுக்கு முட்டி ஒடைஞ்சி எலும்பு வெளிய வந்துட்டாம்லே. கர்ச்சீப்ப வச்சி கட்டிக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னு அடிச்சாவளாம். கோல்கீப்பரு பந்தையே பாக்கலையாம்." பக்கத்தில் நின்றவன், "சும்மா கதவிடாதல" என்றான். "ஏ, நேர்ல பாத்தவங்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"எலும்புலாம் ஒண்ணும் வெளிய வர்லபா. நவுரு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றேன். "ஒங்களுக்கு எப்டிக்கா தெரியும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் கக்கூஸில் உன்னால் குந்த முடியவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் உன் அப்பா, மீசை வைத்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தினோம். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாய், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தக் கதையை வரிசையில் நிற்கிறவனிடம் சொல்ல முடியுமா? "ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டேன், அவனும் போய்விட்டான். அன்றைக்கு ஒன்று புரிந்தது. உன் முட்டி போனதுதான் உன்னைப் பெரிய ஆளாக்கியிருக்கிறது. வலியோடு ஆடினான் என்பதுதான் கதையே. இனிமேல் வலிக்கிறது என்று நீ சொன்னால் எவன் நம்புவான்? வலித்தால்தான் லெஃப்டு நன்றாக ஆடுவான் என்று கை கொட்டுவார்கள்.

கம்பெனி கார்டு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏஜென்சிக்குத் தெரிந்துவிடும் என்று முதலில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போனோம். அந்தப் பெரியவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எலும்பு இல்லம்மா, உள்ளாற நாரு. நான் கட்டுனா ஏமாத்தறா மாதிரி. ஸ்கேன் எடுங்க" என்று திருப்பி அனுப்பினார். பூந்தமல்லியில் யாருக்கும் நம்மைத் தெரியாது என்று அங்கே போய் எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, நார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அப்புறம் மாசக்கணக்கில் ரெஸ்ட், அதற்குள் இன்னொரு தடவை முட்டி திரும்பினால் உள்ளே இருக்கிற மெத்தையும் கிழிந்துவிடும், நாற்பது வயதில் கோல் ஊன்ற வேண்டியிருக்கும் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நீ என்ன கேட்டாய்? "சார், ஒரே ஒரு டோர்னமென்ட் மட்டும்?" குடிகாரன் ஒரு குவார்ட்டர் கேட்கிற மாதிரி கேட்டாய். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், முந்தானையைப் பார்த்தேன்.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாதது. கக்கூஸில் நீ உட்கார்ந்து போவதற்கு ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்தேன் அல்லவா, அதை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது அடுத்த தெரு தாமு பைக்கை நிறுத்தினான். ஏஜென்சியில் சூப்பர்வைசராக இருக்கிறானே, அவன்தான். நீ வேலை செய்கிற லைனுக்கும் அவன் ஏஜென்சிதான் ஆள் விடுகிறது, எங்கள் கேண்டீனுக்கும் அவன் ஏஜென்சிதான். "இன்னா அத்த, வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "எனக்குத்தாம்பா. முட்டி தேஞ்சி பூட்ச்சி." சொன்னது சொன்னதுதான், அப்புறம் தெருவில் நொண்டாமல் நடக்க முடியுமா? தைலம் தேய்த்த வாசனை நம் வீட்டிலிருந்து வந்தால் அது என் முட்டிக்கு. பூந்தமல்லிக்குப் போனது என் முட்டிக்கு. ஒரு நாள் வலது காலை நொண்டினேன், மறுநாள் மறந்துபோய் இடது காலை நொண்டினேன். கோடி வீட்டு எஸ்தர், "இன்னாக்கா, வலி காலு மாறிட்ச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு அன்றைக்கே பாதி புரிந்திருக்கும். நல்லவள், வாயைத் திறக்கவில்லை.

நான் கேண்டீன் வேலையை விட்டது உன் பெண்ணைப் பார்த்துக்கொள்ள என்றுதானே சொன்னேன்? நீயும் நம்பினாய். "நீ ரெஸ்ட் எடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். நானாக விடவில்லை, அனுப்பிவிட்டார்கள். தாமு நல்ல எண்ணத்தில்தான் சொன்னானோ என்னவோ, கேண்டீன் சூப்பர்வைசர் மேடம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "முட்டி வலின்னா ஏம்மா சொல்லல? தட்டத் தூக்கினு வழுக்கி வுழுந்தீன்னா கேஸு எங்க மேல வரும். டேக்கக் குடுத்துட்டு வூட்ல இரு. சரியானதும் கூப்புடறேன்." குரல் உயர்த்தவில்லை, தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே, காய் நறுக்குகிற பெண்களெல்லாம் பார்க்க, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி எழுந்தேன். மறுபடியும் குந்தி எழுந்தேன். "பாருங்க மேடம், இன்னா கீது எனக்கு? கல்லு மாதிரி கீது" என்றேன். மேடம் விடவில்லை. "அப்போ அந்தச் சேரு யாருக்கும்மா வாங்குன?" என்றார்.

உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தாமுவுக்குப் போகும், மறுநாள் உன் லைனுக்குப் போகும். நின்ற இடத்தில் மெதுவாக முட்டியைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத்தான் மேடம். இப்போ குந்துனதுல வலிக்குது" என்றேன். டேக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அப்புறம் இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. இதைச் சொல்லி உன்னை அழவைக்க வேண்டும் என்று எழுதவில்லை. பெற்றவள் பிள்ளைக்காக நொண்டுவது ஒன்றும் அதிசயமில்லை, உன் பெண்ணுக்காக நாளைக்கு நீயும் நொண்டுவாய். எதற்கு எழுதுகிறேன் என்றால், முட்டி கெட்டுப்போன ஆளை அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், அதற்காக. சண்டை போடமாட்டார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள். என் முட்டி நன்றாக இருக்கும்போதே எனக்கு இப்படி என்றால், நிஜமாகவே போன உன் முட்டிக்கு என்ன நடக்கும்?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஹெச்.ஆர். சார் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பாய். "கப்ப மட்டும் கொண்டா லெஃப்டு, பெர்மனென்ட்ல ஒன் பேர வெக்கிறது என் பொறுப்பு" என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சொன்னாய். அவர் நல்லவராகவே இருக்கட்டும், வாக்கும் நிஜமாகவே இருக்கட்டும். பெர்மனென்ட் என்றால் மெடிக்கல் உண்டா இல்லையா என்று அன்றைக்கே கேட்டேன். "அதுலாம் ஃபார்மாலிட்டிம்மா" என்றாய். அந்த ஃபார்மாலிட்டியில் என்ன செய்வார்கள் என்று எஸ்தர் வீட்டுக்காரரைக் கேட்டேன், அவர் பெர்மனென்ட் ஆனவர். கம்பெனி டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்வார், கண்ணைப் பார்ப்பார், அப்புறம் குந்தி எழுந்திருக்கச் சொல்வாராம். நான் கேண்டீனில் செய்தேனே, அதே குந்தல்தான். அதை உன்னால் இன்றைக்கே செய்ய முடியாது. ஃபைனல் ஆடிவிட்டுப் போய் எப்படிச் செய்வாய்? கப்பு வேண்டுமென்றால் முட்டியைக் கொடுக்க வேண்டும், கப்பு வந்த பிறகு எங்கே முட்டி என்று கேட்பார்கள்.

சரி, ஆடாதே, என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. ஆடவில்லை என்றால் உன்னை எதற்கு வைத்திருப்பார்கள்? நட்டு முடுக்குவதற்கு ஆயிரம் பேர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள், உன்னை எடுத்தது பந்துக்கு. ஆபரேஷன் செய்துகொண்டு மாசக்கணக்கில் படுத்தால் நீலக் கயிறும் போய்விடும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த வீடே இப்போது மத்தளம்தான். ஹெச்.ஆர். சாரை நேரில் பார்த்துக் காலில் விழலாமா என்று யோசித்தேன். விழுந்து என்ன சொல்வது? என் பிள்ளைக்குக் கால் போய்விட்டது, ஆடவிடாதீர்கள், ஆனால் வேலை கொடுங்கள் என்றா? கேட்கும்போதே எனக்கே சிரிப்பு வருகிறது. உன் அப்பாவிடம் கேட்டேன். "வுடு மே, அவன் ஆட்டம் அவனுக்குத் தெரியும். எத்தினி பேரு அவன் பேர சொல்லினு கீறாங்க" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பவானி தினமும், "அத்த, நீங்க சொன்னா கேப்பாரு, நீங்களாவது சொல்லுங்க" என்கிறாள். அவள் நினைக்கிறாள், நான் சொன்னால் நீ கேட்பாய் என்று. எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது, அவளுக்கு நான் கிடைத்தேன்.

புத்தி சொல்வது பெற்றவர்கள் வேலை என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். கை தட்டுகிறவன் கை ஆட்டம் முடிந்ததும் அவனவன் பாக்கெட்டுக்குள் போய்விடும், உன் முட்டி உன்னோடுதான் வீட்டுக்கு வரும். வேலை இன்னொன்று கிடைக்கும், கிடைக்காமலும் போகும், நாம் கஞ்சி குடித்தும் இருந்திருக்கிறோம். உன் பெண் தூக்கு என்று கையை நீட்டும்போது நீ குனிய முடியாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. இதை எழுதும்போதே, கஞ்சி குடித்து இருந்திருக்கிறோம் என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன், வீட்டு வாடகையும் பால்காரரும் உன் தலையில்தானே என்றும் தோன்றுகிறது. பார்த்தாயா, ஒரு புத்தியை முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை எனக்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியதும் பொய். இந்தத் தடவை செமி ஃபைனலுக்கு முந்தின நாள் நான் அம்மன் கோயிலில் விளக்கு ஏற்றினேன், ஞாபகமிருக்கிறதா? பிரசாதம் கொண்டுவந்து உன் நெற்றியில் வைத்தேன். உங்கள் டீம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஏற்றினேன். தோற்றால் ஃபைனல் இல்லை, ஃபைனல் இல்லையென்றால் முட்டி தப்பிக்கும், கெட்ட பெயரும் உனக்கு வராது. வேண்டிக்கொண்ட கையாலேயே உனக்குக் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் பவானியோடு கிரவுண்டுக்கு வந்தேன். ஆட்டம் பார்க்க வரவில்லை. இடைவேளையில் உன்னைக் கூப்பிட்டு, அழுதோ காலைப் பிடித்தோ வீட்டுக்கு இழுத்துப்போய்விடலாம் என்று வந்தேன். கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன், இடுப்பில் உன் பெண். அப்போது பந்து உன்னிடம் வந்தது, எனக்கு நேர் எதிரே. மூன்று பேர் உன்னைச் சுற்றி வந்தார்கள். நீ பந்தை ஒருவனுக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்டு இந்தப் பக்கமாகப் போனாய். அடுத்தவன் காலை நீட்டினான், அங்கே நீ இல்லை. உன் முகத்தை நான் பார்த்தேன். வீட்டில் நீ அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. லைனில் நின்று வந்த களைப்பில்லை, தாமுவைப் பார்த்தால் வருகிற சிரிப்பில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத முகம். இத்தனை வருஷமாகக் கூட்டம் எதைப் பார்த்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நேரம் உன் முட்டி எனக்கு ஞாபகத்தில் இல்லை. சத்தியமாக இல்லை.

"அட்ரா! அட்ரா கண்ணு!" என்று யாரோ கத்தினார்கள். என் குரல்தான். நீ அடித்தாய், வலை குலுங்கியது, நான் கை தட்டினேன். குழந்தை இடுப்பிலிருந்து நழுவிக் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், நான் தட்டிக்கொண்டே இருக்கிறேன். அப்புறம் நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாய், கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது. அப்போதுதான் திரும்பினேன். பவானி உன்னைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்த, நீங்களுமா?" என்றாள். என் காலடியில் அழுத குழந்தையை அவள் தூக்கிக்கொண்டாள். இடைவேளையில் உன்னைக் கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் இன்றைக்கு, நீ எதிரில் இல்லாத நேரம் பார்த்து, புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாசலை மறித்து நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. நீ கிளம்பினால் பின்னாலேயே வருவேன், வராமல் இருக்க என்னால் ஆகாது. உன்னைத் தடுக்கக் கடைசியாக ஒரு ஆள் இருக்கிறாள், அது உன் அம்மா, என்று பவானி நம்புகிறாள். நீ நம்பாதே. ஆடாதே, கண்ணு. ஆடினால் நான் கை தட்டிவிடுவேன்.

உன் அம்மா